மனு எழுதும் கையைத் தடுத்தால்

1981 ஜூலை 13 அன்று மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர்.அந்துலே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பம்பாய் நடைபாதைகளில் குடியிருக்கும் எல்லோரும் வலுக்கட்டாயமாக அகற்றப்படுவார்கள், சொந்த ஊருக்கோ நகரத்துக்கு வெளியிலோ அனுப்பப்படுவார்கள் என்றது அது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் மனிதர்கள் வாழ்வது கொடுமை என்பது அவர் சொன்ன காரணம். பத்து நாள் கழித்து, ஜூலை 23 அன்று, வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு குடிசையை மாநகராட்சி ஆட்கள் இடித்தார்கள். அதில் இருந்தவர் சேலத்திலிருந்து 1961இல் பிழைப்புத் தேடி வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. ஊரில் வறட்சியால் வேலை போயிற்று. பம்பாய் வந்து தஹிசரில் ஒரு ரசாயன ஆலையில் நாளுக்கு 23 ரூபாய் கூலிக்குச் சேர்ந்தார். அந்தக் குடிசைக்காக அப்பகுதி தாதா அவரிடம் பறித்த தொகை 2,500 ரூபாய். மனைவியோடும் 16, 13, 5 வயதுகளில் இருந்த மூன்று மகள்களோடும் அவரை சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியும் மகள்களும் ஊரில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடி மறுபடி பம்பாய்க்கு வந்து மறுபடி ஒரு நடைபாதையில் ஒதுங்கினார். மாநில அரசோ யாரையும் வெளியேற்றி அனுப்பவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. ஊர் திரும்ப விரும்புவதாக எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பயண வசதியும் கட்டணமும் தந்ததாகப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

ஒரே பேருந்துப் பயணத்துக்கு இரண்டு கணக்குகள். அரசின் கணக்கு கோப்புகளில் தானாகவே இடம்பிடித்துவிடும். அதற்கு அதிகாரிகள் உண்டு, முத்திரை உண்டு, அலமாரி உண்டு. சேலத்துக்காரரின் கணக்கு இன்றைக்கும் நமக்குக் கிடைக்கிறதென்றால், அதை ஒருவர் கேட்டு, மனுவாக எழுதி, உச்ச நீதிமன்றத்தில் பதிவுசெய்ததுதான் காரணம். இந்திரா ஜெய்சிங், ஆனந்த் குரோவர், ராம் ஜெத்மலானி, வி.எம்.தார்குண்டே உள்ளிட்டோர் அந்த மனுக்களுக்காக வாதாடினார்கள். ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரின் பெயரால் அந்த வழக்கு இன்று அறியப்படுகிறது. ஓர் அரசாணை ஒரு தரப்பை மட்டுமே பேசும். மறுதரப்பைப் பதிவுசெய்கிறவர் வழக்கறிஞர். ஆகவே வழக்கறிஞரை அவர் யாருக்காக வாதாடினார் என்பதற்காகத் தண்டிக்கும் எந்த அரசாணையும், அந்த மறுதரப்பைத்தான் அழிக்கிறது. அமெரிக்காவில் சட்ட நிறுவனங்கள் தங்கள் அதிபரின் ஆணைகளை எதிர்த்து நடத்திவரும் வழக்குகளை மும்பைத் தமிழர்கள் தூரத்துச் செய்தியாகக் கடந்துபோக முடியாததற்கு இதுவே காரணம்.

2025 மார்ச் 6 அன்று அதிபர் டிரம்ப் ‘பெர்கின்ஸ் கோயி’ என்ற சட்ட நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் குறிவைத்து ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். நிறுவனத்தின் வழக்கறிஞர்களுக்கு இருந்த பாதுகாப்பு அனுமதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. அரசுக் கட்டடங்களுக்குள் அவர்கள் நுழைவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அரசோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் கம்பெனிகள் இந்த நிறுவனத்தோடு தமக்குள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்றானது. 2016 தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் தரப்புக்காக அந்த நிறுவனம் பணியாற்றியது ஆணையிலேயே காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்தடுத்து வேறு நிறுவனங்கள் மீதும் இதே போன்ற ஆணைகள் பாய்ந்தன. ஒன்பது பெரிய நிறுவனங்கள் சமரசம் செய்துகொண்டன. சுமார் 94 கோடி டாலர் மதிப்புள்ள இலவச சட்டப் பணியை, அரசுக்கும் உடன்பாடான காரியங்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டன. நான்கு நிறுவனங்கள் மட்டும் நீதிமன்றம் போயின. நான்குமே வென்றன. மே 2 அன்று நீதிபதி பெரில் ஹோவெல், அதே மாதத்தில் நீதிபதிகள் ஜான் பேட்ஸ், ரிச்சர்ட் லியோன், ஜூன் இறுதியில் நீதிபதி லோரன் அலிகான் ஆகியோர் அந்த ஆணைகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தார்கள். நால்வரில் பேட்ஸும் லியோனும் குடியரசுக் கட்சி அதிபரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர்கள். எனவே இதைக் கட்சிச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. அரசு மேல்முறையீடு செய்தது. ஆனால் நான்கு தீர்ப்புகளிலும் அடியில் ஓடுவது ஒரே சிந்தனை. கட்சிக்காரர் பிடிக்கவில்லை என்பதற்காக அவருடைய வக்கீலைத் தண்டிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை.

இந்தியாவில் இப்படி வெளிப்படையாக ஒரு சட்ட நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஆணை பிறப்பிக்கும் வழக்கம் கிடையாது. இங்கே அது வேறு உருவங்களில் வருகிறது: உரிமம் நிறுத்திவைப்பு, வங்கிக் கணக்கு முடக்கம், சம்மன். நடைபாதைவாசிகளுக்காக வாதாடிய இந்திரா ஜெய்சிங்கும் ஆனந்த் குரோவரும் 1981இல் மும்பையில் தொடங்கிய ‘லாயர்ஸ் கலெக்டிவ்’ அமைப்பின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அந்த அமைப்பு பெற்றிருந்த பதிவை மத்திய உள்துறை அமைச்சகம் 2016 மே 31 அன்று நிறுத்திவைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது. நிதியைச் சட்டத்துக்கு மாறாகப் பயன்படுத்தினார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. அரசுக்கு எதிரான வழக்குகளில் வாதாடியதற்கான பழிவாங்கல் இது என்பது அமைப்பின் பதில். அவர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். 2017 ஜனவரியில் நீதிமன்றம் அவர்களுடைய உள்நாட்டு வங்கிக் கணக்குகளைத் திறந்துவிடச் சொன்னது. வெளிநாட்டு நன்கொடைக்கான சட்டத்தைக் காட்டி உள்நாட்டுப் பணத்தையும் பூட்டிவைத்திருந்த நிலை அப்படித்தான் நீங்கியது. அரசுக்கு உள்ள அதிகாரம் எதுவரை, எந்த இடத்தில் முடிகிறது என்ற கேள்வியைச் சொந்தச் செலவில் கேட்க ஒரு வழக்கறிஞர் அமைப்பு தேவைப்பட்டது.

2025 ஜூனில் இன்னொரு நிகழ்வு. சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த சட்டக் கருத்து தொடர்பான சம்மன் அது. வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்த்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம் மூத்த வழக்கறிஞர் பிரதாப் வேணுகோபாலுக்குப் போன சம்மனும் திரும்பப் பெறப்பட்டது. இவர்கள் உச்ச நீதிமன்றத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அவர்களுக்காகச் சங்கங்கள் எழுந்தன. குஜராத்தில் கட்சிக்காரருக்கு ஜாமீன் வாங்கித் தந்த வழக்கறிஞர் ஒருவரைக் காவல் துறை விசாரணைக்கு அழைத்தபோது, அவர் உச்ச நீதிமன்றம் வரை வந்தாக வேண்டியிருந்தது. நீதிபதி கே.வி.விஸ்வநாதன் அமர்வு அந்த விவகாரத்தின் பரந்த கேள்வியைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது. தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவு சொல்லும் விதிவிலக்குகளில் அடங்கினால் ஒழிய, கட்சிக்காரரின் வழக்கு விவரத்தை அறிய வழக்கறிஞரை அழைக்கக் கூடாது; அழைப்பதானால் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரி எழுத்துபூர்வமாகத் திருப்தி தெரிவித்திருக்க வேண்டும் என்றது.

இதெல்லாம் வக்கீல்களின் தொழில் சிக்கல், நமக்கென்ன என்று நினைப்பவர்கள் செம்பூரைத் தாண்டி டிராம்பே பக்கம் இருக்கும் சீத்தா கேம்ப்பின் பிறப்பை நினைத்துப்பார்க்க வேண்டும். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதி காலிசெய்யப்பட்டது. ஜோக்கின் அற்புதம் போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகத் திரட்டிய எதிர்ப்பையும் மீறி, சுமார் 70,000 பேர், அவர்களில் பலர் தமிழர்கள், அங்கிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு சதுப்பு நிலத்தை ஒட்டிய இந்த இடத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஏப்ரல் 28 அன்றுதான், ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் மிகப் பலவீனமான தீர்ப்பைத் தந்திருந்தது. வாழ்வுரிமைக்காக நீதிமன்றத்தை நாடும் உரிமையை 1975 ஜூன் 27ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணை நிறுத்திவைத்திருக்கும்வரை, தடுப்புக்காவலை எதிர்த்துக்கூட மனு போட முடியாது என்றது அது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் வேறு விதமாகச் சொல்லியிருந்தும் பெரும்பான்மை அப்படி முடிவெடுத்தது, நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவரே மாறுபட்டார். ஓர் அரசாணைக்கு எதிராக அடிப்படை உரிமையைச் சொல்லித் தட்டக்கூடிய கதவு பூட்டப்பட்டிருந்த நாட்டில்தான் ஜனதா காலனி காலியாயிற்று.

அந்தப் பெரும்பான்மையில் இருந்தவர்களில் ஒருவர் நீதிபதி ஒய்.வி.சந்திரசூட். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1985 ஜூலை 10 அன்று, நடைபாதைவாசிகள் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்காகத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. அப்போது தலைமை நீதிபதி. அந்த அமர்வில் திருப்பத்தூரில் பிறந்து, உச்ச நீதிமன்றம் சென்ற முதல் தலித் நீதிபதியான ஏ.வரதராஜனும் இருந்தார். 21ஆம் கூறு சொல்லும் உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும், பிழைப்பைப் பறித்தால் உயிரையே பறித்ததாகும் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அரசமைப்பின் அதே கூறு, அதே நீதிபதி. இடையில் நெருக்கடிநிலை முடிந்தது, 44ஆம் திருத்தம் வந்தது, சட்டச் சிந்தனை வளர்ந்தது. அவற்றோடு இன்னொன்றும் நடந்தது: மாட்டுங்கா ரோடு, மாஹிம் நிலையங்களை ஒட்டிய துளசி பைப் சாலையிலும், காமராஜ் நகரிலும், நெடுஞ்சாலை ஓரத்திலும் இருந்தவர்களின் கூலியையும் வாடகையையும் குழந்தைகளின் வயதையும் எண்களாக நீதிபதிகள் முன் வைக்க ஆட்கள் வந்தார்கள். நடைபாதையில் படுப்பவர் அதை விரும்பிச் செய்யவில்லை, வேலைக்கு அருகில் வேறு இடம் கிடைக்காததால் செய்கிறார் என்ற உண்மையைத் தத்துவத்தால் நிரூபிக்க முடியாது. 23 ரூபாய் தினக் கூலி என்ற எண் நிரூபிக்கும்.

ஆனால் அந்த வழக்கில் மனுதாரர்கள் தோற்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்னறிவிப்பின்றி ஆக்கிரமிப்பை அகற்ற ஆணையருக்கு அதிகாரம் தரும் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு செல்லும் என்றே நீதிமன்றம் சொன்னது. நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. ஆயினும் அறிவிப்பு தருவதே விதி, தராமலிருப்பது விதிவிலக்கு என்று அப்பிரிவுக்குப் பொருள் கூறியது. மழைக்காலம் முடியும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31வரை, இடிப்பைத் தள்ளிவைத்தது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. குடிசை போயிற்று, ஆனால் ‘அறிவிப்பு கொடு, என் தரப்பைக் கேள்’ என்று சொல்லும் தகுதி இந்த நகரத்தின் ஏழைகள் அனைவருக்கும் கிடைத்தது. அதற்குப் பிறகு இந்தியாவில் நடந்த குடிசை இடிப்பு வழக்குகளில் இந்தத் தீர்ப்பு மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது. வழக்கறிஞரின் பயனை வெற்றி தோல்வியால் மட்டும் அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. வழக்கறிஞர்கள் சட்டத்துக்கு மேலானவர்களா? நன்கொடை விதியை மீறினால், கட்சிக்காரரின் மோசடிக்குத் துணைபோனால் கறுப்பு கோட்டு கவசமாகுமா? ஆகாது, ஆகவும் கூடாது. 132ஆம் பிரிவே இதற்கு இடம் வைத்திருக்கிறது: சட்டவிரோதமான நோக்கத்தை நிறைவேற்றுவதற்காக நடந்த உரையாடலுக்குப் பாதுகாப்பு கிடையாது, வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு நடந்த குற்றத்தையோ மோசடியையோ வழக்கறிஞர் கண்டிருந்தால் அதற்கும் கிடையாது. தவறு செய்த வழக்கறிஞரை அறிவிப்பு தந்து, ஆதாரம் காட்டி, அவருடைய பதிலைக் கேட்டு, நீதிமன்றத்தின் கண்முன் விசாரிக்கலாம். அப்படி விசாரிப்பதற்கும் அவர் யாருக்காக வாதாடினார் என்பதையே குற்றமாக்குவதற்கும் நடுவே ஒரு கோடு உண்டு. முதலாவது செயலைப் பார்க்கிறது. இரண்டாவது கட்சிக்காரரைப் பார்க்கிறது. அமெரிக்க ஆணைகள் தோற்றது இந்தக் கோட்டைத் தாண்டியதால்தான். இங்கேயும் ஒவ்வொரு சம்மனையும் முடக்க ஆணையையும் இந்தக் கோட்டில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

மூன்றாவது, பணக்கார வழக்கறிஞர்கள் தங்களைக் காத்துக்கொள்வார்கள், அவர்களுக்காக தாராவிக்காரர் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி. சமரசம் செய்துகொண்ட ஒன்பது அமெரிக்க நிறுவனங்கள் எதைக் கொடுத்துத் தப்பின என்று பாருங்கள். காசில்லாதவருக்காக வழக்கறிஞர் தன் மனசாட்சிப்படி ஒதுக்கும் இலவச உழைப்பை, அரசும் ஒப்பும் காரியங்களுக்கு அடகுவைத்தன. பணக்காரக் கட்சிக்காரர் இன்னொரு நிறுவனத்தைத் தேடிக்கொள்வார். அரசுக்குப் பிடிக்காத ஏழையின் வழக்கு மட்டும் கேட்பாரற்றுப் போகும். அடி விழுவது பெரிய அலுவலகத்தின் கதவில். வலிப்பது கீழே இருப்பவருக்கு. நம் அரசமைப்பு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை 22ஆம் கூற்றில் கைது செய்யப்பட்டவருக்குத் தந்திருக்கிறது. இலவச சட்ட உதவியை 39அ கூறு அரசின் கடமையாக்கியிருக்கிறது. இரண்டும் மக்களுக்கானவை. வழக்கறிஞர் வழியாக மட்டுமே அவை உயிர்பெறும்.

வழக்கு என்றாலே தாமதம், தாமதம் வளர்ச்சிக்குத் தடை என்ற வாதம் இன்று தாராவியைச் சுற்றி அடிக்கடி கேட்கிறது. 2019இல் 7,200 கோடி ரூபாய்க்கு அதிகபட்ச ஏலம் கேட்டிருந்த செக்லிங்க் நிறுவனம், அந்த டெண்டர் ரத்தாகி, 2022இல் 5,069 கோடி ரூபாய் ஏலத்தோடு அதானி குழுமத்துக்குத் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் போனதை எதிர்த்து வழக்கு போட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வேலைக்குத் தடை விதிக்க மறுத்தது. அரசின் முடிவு கேள்விக்குள்ளாகி நின்றிருக்கிறது, பணிகளும் நடக்கின்றன. கேள்வியைத் தாங்கிய ஆணைக்குத்தான் மக்கள் முன் பலம் அதிகம். இப்போது தாராவியில் ஒவ்வொரு குடும்பத்தின் தலைவிதியும் தேதிகளில் தொங்குகிறது: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்பாளருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம், 2011வரை வந்தவர்களுக்கு தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி 300 சதுர அடி, மாடியில் இருப்பவர்களுக்கு வெளியே வாடகை வீடு. ஒரு மின்கட்டண ரசீதோ ரேஷன் கார்டோ காணாமல் போனால் ஒரு குடும்பம் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு இறங்கிவிடும். இந்த முடிவுகள் சட்டமன்றத்தில் விவாதமாகி வருபவை அல்ல. பெரும்பாலும் அரசாணைகளாக வருபவை. எனவே அவற்றைப் படித்து, தவறு இருந்தால் கேள்வி கேட்க அச்சமில்லாத வழக்கறிஞர்கள் இந்த நகரத்துக்கு இப்போதைவிட அதிகம் தேவைப்பட்ட காலம் இல்லை.

வழக்கறிஞர் சமூகமும் தன் மனசாட்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மும்பையில் 2008 நவம்பர் தாக்குதலுக்குப் பின், அதில் பிடிபட்ட கசாபுக்காக வாதாட முன்வர மாட்டோம் என்று தீர்மானம் போட்டவர்கள் உண்டு. கோவையில் வழக்கறிஞர்களோடு மோதிய காவலர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று சங்கம் தீர்மானித்தபோது, 2010 டிசம்பரில் முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை, அரசமைப்புக்கு விரோதமானவை என்றது. வெறுக்கப்படுகிறவருக்கு வக்கீல் கூடாது என்று அரசு சொன்னால் தவறு. சங்கம் சொன்னாலும் அதே தவறு. அரசின் முன் இந்த உரிமையைக் கோருகிறவர்கள், தங்கள் கூட்டத்தினுள்ளும் அதைக் காக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை தெளிவானவை. வழக்கறிஞர் மீதோ சட்ட உதவி அமைப்பின் மீதோ நடவடிக்கை எடுக்கும் எந்த ஆணையும் எழுத்தில் காரணம் சொல்லி, முன்னறிவிப்போடு வர வேண்டும்; பணத்தை முடக்குவதானால் குற்றம் சாட்டப்பட்ட பணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2025 அக்டோபர் தீர்ப்பின் கட்டுப்பாடுகள் டெல்லித் தலைமையகத்தில் மட்டும் இல்லாமல், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் காவல் நிலையங்களின் சுற்றறிக்கையாக வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் மறுகுடியமர்த்தல் நடக்கும் இடங்களில் முகாம் போட்டு, தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் மனு எழுதித் தர வேண்டும். நாளை தாராவியின் ஒரு சந்தில் ‘தகுதியற்றவர்’ என்று முத்திரை குத்திய தாள் ஒரு வீட்டு வாசலுக்கு வரும். அந்தத் தாள் அரசின் கணக்கு. அந்த வீட்டுக்காரர் எந்த ஆண்டு வந்தார், என்ன கூலி வாங்குகிறார், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்ற இன்னொரு கணக்கை எழுத அஞ்சாத ஒருவர் அந்தச் சந்துக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 1981இல் சேலம் பேருந்தில் ஏற்றப்பட்டவருக்கு அப்படி ஒருவர் இருந்தார்.